கூலர் ஓடுது, வீடு குளிரலை: டெல்லிக் கோடைக்குச் சில கைவைத்தியங்கள்

மே பிறந்தால் எங்கள் வீட்டில் ஜன்னல் பஞ்சாயத்து தொடங்கிவிடும். நான் திறந்து வைப்பேன், அத்தை வந்து சாத்துவார். திருநெல்வேலியில் அறுபது வருஷம் இருந்தவர். “வெளிய தீயா கொதிக்குது. ஜன்னலைத் தொறந்து போட்டா வெக்கை உள்ள வராதா?” என்பார். கேள்வியில் தப்பே இல்லை. ஏ.சி. ஓடும் வீட்டில் அத்தை சொல்வதுதான் சரி. கூலர் ஓடும் வீட்டில் அது அப்படியே தலைகீழ்.

ஜனக்புரியில் தரைத்தள வீடு எங்களுடையது. பின்பக்கம் எட்டடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு முற்றம். இரும்பு கூலர், கறிவேப்பிலை, இரண்டு மல்லிகைத் தொட்டி, துளசி, துணிக்கொடி, பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் அதற்குள்தான். மே நடுவிலிருந்து ஜூன் முடிய பள்ளி விடுமுறை என்பதால் ஐந்து பேரும் பகல் முழுக்க வீட்டில். ஒன்று கெட்டுப்போனால் எல்லாருக்கும் தெரியும், எல்லாரிடமும் ஒரு யோசனையும் இருக்கும்.

முதல் மூன்று கோடையில் எதற்கெடுத்தாலும் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் வந்தார், பம்பை மாற்றினார், காசு வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் அதே புழுக்கம். பிறகு நானே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பார்க்கத் தொடங்கியதும் ஒன்று பிடிபட்டது: பாதிக்கு மேற்பட்ட கோளாறுகளில் எந்தப் பாகமும் கெட்டிருக்காது. காற்றுக்குப் போக வழி இருக்காது, அல்லது தண்ணீர் போகக் கூடாத இடத்துக்குப் போயிருக்கும். செடி வாடுவதிலும் சுவர் உப்புவதிலும்கூட இதே கதைதான்.

உங்கள் வீட்டில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போங்கள். ஷாக் பற்றிய பகுதியை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள்.

அறை குளிரவில்லை, உடம்பெல்லாம் பிசுபிசுக்கிறது

முதலில் பார்க்க வேண்டியது கூலரை அல்ல, அதற்கு எதிர்ப்பக்கத்து ஜன்னலை. கூலர் வெளிக்காற்றை இழுத்து, ஈரப் புல்லுக்குள் (கூலரின் பக்கங்களில் அடைத்திருக்கும் மரச்சீவலுக்கு இங்கே புல் என்றுதான் பெயர்) விட்டு, வீட்டுக்குள் தள்ளுகிறது. அந்தக் காற்று ஈரத்தைச் சுமந்து வருகிறது. வந்த காற்று வெளியேறினால்தான் அடுத்த காற்று வரும். எல்லாவற்றையும் சாத்தி வைத்தால் ஒரு மணி நேரத்தில் அறை இட்லிப் பானைதான்.

செய்தித்தாளில் ஒரு விரல் அகலத்துக்கு நீளமாகத் துண்டு கிழித்துக்கொள்ளுங்கள். கூலரை முழு வேகத்தில் ஓடவிட்டு, எதிர் ஜன்னலில் அந்தத் துண்டைப் பிடியுங்கள். வெளிப்பக்கமாகச் சாய்ந்து படபடத்தால் சரி. சும்மா தொங்கினால் திறப்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் திறக்க வேண்டும். துண்டு உள்பக்கமாக வந்தால் அந்தத் திசையில் வெளிக்காற்று எதிர்த்து அடிக்கிறது என்று பொருள். மேற்கிலிருந்து லூ என்கிற அனல்காற்று அடிக்கும் நாளில் எங்கள் வீட்டில் இது நடக்கும். அன்றைக்கு அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு வேறு பக்கம் திறந்துவிட வேண்டியதுதான்.

நான் விளக்கி விளக்கிச் சலித்துப்போய் ஒருநாள் அத்தை கையிலேயே துண்டைக் கொடுத்தேன். பிடித்துப் பார்த்தார். காகிதம் விர்ரென்று கம்பிக்கு வெளியே நீண்டது. “அட, இழுக்குதே” என்றார். ஜன்னல் அரை அடி திறந்தது. முழுதாகத் திறக்க இன்னும் இரண்டு வாரம் ஆனது.

இதிலேயே இன்னொரு வசதி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. குளிர் எந்த அறைக்குப் போக வேண்டும் என்பதை முடிவு செய்வது கூலர் இல்லை, திறந்திருக்கும் ஜன்னல். மத்தியானம் பிள்ளைகள் தூங்கும் அறைக்குக் காற்று வேண்டுமென்றால் அந்த அறையின் ஜன்னலையும் கதவையும் திறந்துவிட்டு, ஹால் ஜன்னலைச் சாத்துங்கள். கூலர் இருந்த இடத்திலேயே இருக்கும், காற்று மட்டும் அந்த அறை வழியாகப் போகும். காலையில் சமைக்கும்போது சமையலறை ஜன்னலைத் திறந்தால் குக்கர் ஆவியையும் தாளிப்பு நெடியையும் கூலர் காற்றே வெளியே தள்ளிவிடும். அடுப்புத் தீ ஆடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்ன பிளாஸ்டிக் கூலரை அறை நடுவில் வைத்துக்கொண்டு குளிரவில்லை என்கிறவர்களுக்கு ஒரே பதில்: அதன் முதுகை ஜன்னலுக்குக் காட்டுங்கள். ஏற்கெனவே ஈரமான அறைக் காற்றையே திரும்பத் திரும்பக் குடித்தால் அது என்னதான் செய்யும்?

ஐஸ் விஷயமும் சொல்லிவிடுகிறேன். என் மகன் ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் தட்டு தட்டாகக் கூலர் தொட்டியில் கொட்டுவான். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது இழுக்கும் வெப்பம் சுமார் 334 கிலோஜூல். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது இழுப்பது சுமார் 2,400 கிலோஜூல், அதாவது ஏழு மடங்கு. எங்கள் 60 லிட்டர் தொட்டி காலை பத்து மணிக்கு நிரப்பினால் சாயங்காலத்துக்குள் காலியாகிவிடும். அவ்வளவும் ஆவியாகியிருந்தால் 40 யூனிட் மின்சாரம் தரக்கூடிய வெப்பம் வீட்டுக்கு வராமல் நின்றிருக்கிறது என்று கணக்கு. வேலை செய்வது ஆவி. ஐஸை எலுமிச்சைச் சாற்றில் போட்டுக் குடிக்கலாம்.

புல் ஒரு பக்கம் நனைகிறது, மறுபக்கம் காய்ந்து கிடக்கிறது

உச்சிவெயிலில், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூன்று பக்கத்து ஜாலியையும் (புல் அடைத்திருக்கும் தட்டி) உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். காய்ந்த திட்டு இருந்தால் அந்த வழியாக வெறும் அனல்தான் உள்ளே வருகிறது. கால்வாசிப் புல் காய்ந்திருந்தாலே குளிர்ச்சி நன்றாகக் குறைந்துவிடும்.

பெரும்பாலும் குற்றவாளி மேல் தட்டின் துளைகள்தான். கடின நீரின் உப்பு அவற்றை அடைத்திருக்கும். கோணி ஊசியால் குத்திவிட்டால் போதும். கூலர் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் தண்ணீர் அந்தப் பக்கமே ஓடும். ஒரு தம்ளர் தண்ணீரை மேல் தட்டில் ஊற்றினால் எந்தப் பக்கம் சாய்வு என்பது தெரிந்துவிடும். செங்கல் சில்லு ஒன்றைக் காலடியில் கொடுத்தால் தீர்ந்தது.

தண்ணீரே ஏறவில்லையென்றால் பம்ப். ரீங்கார சத்தம் கேட்கிறது, தண்ணீர் வரவில்லை என்றால் உள்ளே சுழலும் சின்ன விசிறியில் புல் நார் சுற்றியிருக்கும். முன்மூடியைக் கழற்றி இடுக்கியால் எடுத்துவிடலாம். சத்தமே இல்லையென்றால் வயர் இணைப்பைப் பார்க்க வேண்டும், அதிலும் குறையில்லை என்றால் பம்ப் எரிந்துவிட்டது. தண்ணீர் இல்லாமல் ஓடவிட்டால் இதுதான் கதி. புது பம்புக்கு என் மகளின் பழைய பள்ளி சாக்ஸ் ஒன்றை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டேன். மூன்று கோடையாக அடைப்பே இல்லை.

இங்கே ‘காஸ்’, அதாவது புல், என்று விற்கிற மரச்சீவலை வருஷா வருஷம் மாற்றிவிடுவது நல்லது. கடைப்பையன் அழுத்தித் திணித்துத் தருவான். வீட்டுக்கு வந்ததும் நனைத்து, உதறி, பஞ்சு பிரிப்பதுபோல் பிரித்துப் பரப்புங்கள். வெட்டிவேர் தட்டி போட்டால் மணமாக இருக்கும், நாளாக நாளாக மணம் குறையும். தேன்கூடு மாதிரியான அட்டைப் பேட் உள்ள கூலர் என்றால் வெள்ளைப் படிவைச் சுரண்டாதீர்கள், கிழிந்துவிடும். மளிகைக் கடையில் ‘நிம்பூ சத்’ என்று கேட்டால் எலுமிச்சை உப்பு கிடைக்கும். அதைக் கரைத்த நீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். அதோடு பிளீச்சிங் பவுடரை மட்டும் கலந்துவிடாதீர்கள், விஷவாயு வரும்.

விசிறி உறுமுகிறது, சுற்றவில்லை என்றால் கெபாசிட்டர் (மோட்டாரைச் சுழலத் தூண்டும் சின்னப் பாகம்). பிளக்கைப் பிடுங்கிய பிறகு விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றினால் கெபாசிட்டர்மேல்தான் சந்தேகம், இறுகியிருந்தால் பேரிங். பழையதன் மேல் என்ன எண் அச்சாகியிருக்கிறதோ அதே எண்ணில்தான் புதியது வாங்க வேண்டும். சாந்தினி சௌக் பக்கம் போகிற வேலை இருந்தால் பாகீரத் பேலஸ் சந்தையில் கிடைக்காத மின் சாமான் கிடையாது. ஒரு கெபாசிட்டருக்காக அந்த நெரிசலுக்குள் போவது உங்கள் இஷ்டம்.

கருவாட்டு வாடை வருகிறது

எங்கள் வீட்டில் அசைவமே கிடையாது. ஒருநாள் சாயங்காலம் அத்தை மூக்கைச் சுளித்துக்கொண்டு, “யாரு வீட்ல கருவாடு வறுக்காங்க?” என்று கேட்டார். கூலர்தான்.

இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம், ஒன்று அசிங்கம், இன்னொன்று ஆபத்து. பம்பை நிறுத்திவிட்டு விசிறியை மட்டும் பத்து நிமிஷம் ஓடவிடுங்கள். வாடை குறைந்துகொண்டே வந்தால் தண்ணீரும் புல்லும் அழுகியிருக்கின்றன. தொட்டியைக் காலி செய்து, பாசியைத் தேய்த்து, புல்லை வெயிலில் காயவைக்க வேண்டும். தொட்டியின்மேல் நேர் வெயில் பட்டால் பாசி சீக்கிரம் வரும். ராத்திரி கூலரை நிறுத்துவதற்கு முன் கால் மணி நேரம் பம்ப் இல்லாமல் ஓட்டிப் புல்லைக் காயவிடுகிற பழக்கம் இருந்தால் இந்த வாடை அநேகமாக எட்டிப் பார்க்காது.

பம்பை நிறுத்தியும் வாடை அதே மாதிரி இருந்தால் உடனே சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளக், சாக்கெட் பக்கம் மூக்கை வையுங்கள். சூடேறிக் கருகும் மின் பிளாஸ்டிக்குக்கும் இதே கருவாட்டு வாடை உண்டு. எங்களுக்கு அன்று அதுதான். எக்ஸ்டென்ஷன் போர்டின் ஒரு துளை பழுப்பேறி இளகியிருந்தது. கூலரையும் இஸ்திரிப் பெட்டியையும் ஒரே போர்டில் மாட்டிய புண்ணியவான் என் கணவர்.

தொட்டால் சுர்ரென்கிறது

“லேசாத்தான் அடிக்குது” என்று யாரும் சொல்லக் கூடாது. இரும்பு உடம்பு, தண்ணீர், மின்சாரம், ஈரத் தரையில் வெறுங்கால். இதைவிட மோசமான கூட்டு கிடையாது. கோடையில் டெல்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் கூலர் ஷாக்கில் சாவு என்ற செய்தி வராத வருஷமே இல்லை.

கூலரைத் தொடாமல் வீட்டின் மெயினை அணையுங்கள். பிறகு பிளக்கைப் பிடுங்குங்கள். பிள்ளைகளை முற்றத்துக்கு விடாதீர்கள். எலக்ட்ரீஷியன் வரும்வரை ‘ஒரு தடவை போட்டுப் பாப்போமே’ என்கிற சோதனை வேண்டாம். அவர் வந்ததும் மூன்றைப் பார்க்கச் சொல்லுங்கள்: மூன்று முனைப் பிளக்கின் எர்த் உண்மையிலேயே கூலரின் உடம்போடு சேர்ந்திருக்கிறதா, சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா, பம்ப் வயரில் டேப் சுற்றிய ஒட்டு எதுவும் தொட்டிக்குள் கிடக்கிறதா. அப்படியே மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டதும் தானே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் போட்டுவிடுங்கள். மாதம் ஒரு தரம் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டு விதி இது. ஹோஸ் பைப் கூலரை நெருங்கும்போது பிளக் யாராவது ஒருவர் கையில், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். சுவிட்சை அணைத்தது போதாது.

ஜன்னலுக்குக் கீழே பெயின்ட் கொப்புளித்து உதிர்கிறது

இங்கே இதற்கு ‘சீலன்’ என்று ஒரே பெயர்தான். பெயின்டர் வருவார், சுரண்டுவார், பட்டி பார்ப்பார், பூசுவார். அடுத்த தீபாவளிக்குள் அதே இடத்தில் இந்திய வரைபடம் தெரியும்.

சுரண்டுவதற்கு முன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஓரடிச் சதுரத்துக்குப் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப்பால் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறைப் பக்கம் வியர்த்திருந்தால் கூலர் காற்றுக்கு வெளியேற வழியில்லை, மேலே சொன்ன ஜன்னல் பாடத்துக்குத் திரும்பிப் போங்கள்.

சுவருக்குள் ஈரம் என்றால் கூலர் சுவரை ஒட்டி நிற்கிறதா, தொட்டி நிரம்பி வழிகிற தண்ணீர் சுவரோரம் தேங்குகிறதா என்று பாருங்கள். எங்கள் கூலரின் மிதவை வால்வு சரியாக அடைக்காமல் ராத்திரி முழுக்கச் சொட்டிக்கொண்டிருந்தது. அதை மாற்றி, ஸ்டாண்டை ஒரு சாண் முன்னால் நகர்த்தி, சுவரைக் கோடை முழுக்கப் பூசாமல் மொட்டையாகக் காயவிட்டேன். வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் “இதென்ன இப்படி விட்டுட்டீங்க?” என்றார்கள். வெள்ளையாகப் பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். ஈரத் துணியால் துடைத்தால் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். காயாத சுவரில் பட்டி பூசுவது வீண் செலவு.

ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சுடுகிறது

மேற்குச் சுவராக இருக்கும். ஒன்பது அங்குலச் செங்கல் மத்தியானம் குடித்த வெயிலைப் பல மணி நேரம் கழித்துத்தான் வீட்டுக்குள் கக்கும். அந்தப் பக்கத்து ஜன்னலுக்கு உள்ளே எவ்வளவு கனத்த திரை போட்டாலும் பிரயோஜனம் கொஞ்சம்தான், வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டதே. மறைப்பு வெளியே இருக்க வேண்டும். சாலையோரம் மூங்கில் சிக் (தட்டித் திரை) பின்னுகிறவர்களிடம் ஜன்னல் அளவைவிட இரண்டு பக்கமும் ஒரு சாண் அதிகமாகச் சொல்லி வாங்கி, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளித் தொங்கவிடுங்கள். இடையில் காற்று ஓடும். கூலரின் தலைக்கும் ஒரு நிழல் கட்டினால் நல்லது, ஜாலியை மட்டும் மூடிவிடாதீர்கள்.

என் மகன் ஒரு தெர்மாமீட்டரை அந்த மேற்குச் சுவரிலேயே ஆணியடித்து மாட்டி, 51 டிகிரி என்று குதித்தான். 2024 மே 29 அன்று டெல்லி முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி என்று பதிவாகி நாடே பேசியதே, அந்தக் கருவி மூன்று டிகிரி கூடுதலாகக் காட்டியது என்று வானிலைத் துறையே பின்னால் சொன்னது. ஆணியில் தொங்குவது அளப்பது சுவரின் சூட்டை. நிழலில், காற்றோட்டத்தில் வைத்தால்தான் காற்றின் சூடு தெரியும்.

கறிவேப்பிலை நுனி கருகுகிறது

இதில் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. மூன்றாம் கோடையில் எங்கள் செடியின் முதிர்ந்த இலைகளெல்லாம் நுனியில் தீ வைத்ததுபோல் பழுப்பாயின. வெயில்தான் என்று நினைத்து நிழலுக்கு நகர்த்தினேன். தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றினேன். அதிகமானது.

நான் ஊற்றியது என்ன தண்ணீர் தெரியுமா? கூலர் தொட்டியில் மிச்சமானது. வீணாக்கக் கூடாது என்று வாரா வாரம் செடிக்கு. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். நாள் ஆக ஆக அது கரைசலாகிறது. அதைத்தான் வேருக்குக் கொடுத்திருக்கிறேன். ஆர்.ஓ. கழிவு நீரும் இதே ரகம். இரண்டையும் முற்றம் கழுவவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

சரிசெய்ய, செடித் தொட்டி கொள்ளும் அளவைப்போல் மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடித்துளை வழியாக ஓடவிட வேண்டும். கருகிய இலை திரும்பப் பச்சையாகாது, புதுத் துளிரைத்தான் பார்க்க வேண்டும். எங்களுக்கு ஒரு மாதம் ஆனது.

கருகல் இல்லாமல் துளிர் மட்டும் மஞ்சளாகி நரம்பு பச்சையாக நின்றால் அது இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருந்தாலும் சுண்ணாம்புத் தன்மையுள்ள தண்ணீரால் வேருக்கு எட்டாது. பாட்டிமார் புளித்த மோரை நீர்க்கக் கரைத்து ஊற்றுவது இதற்குத்தான். அதிலும் தேறாவிட்டால் நர்சரியில் இரும்புச் சத்து கேட்டு வாங்கலாம்.

மத்தியானம் துவண்டு, சாயங்காலம் தானே நிமிர்ந்தால் ஒன்றும் செய்யாதீர்கள். முக்கியமாக இரண்டு மணிக்கு ஹோஸைத் திருப்பாதீர்கள். வெயிலில் கிடந்த குழாய்க்குள் இருப்பது கொதிநீர், முதல் வாளியைக் கை வைத்துப் பார்த்தால் தெரியும். தண்ணீர் விடிகாலையில்தான். மார்ச், ஏப்ரலில் வேப்பமரம் உதிர்க்கிற சருகைக் கூட்டி வைத்துக்கொண்டு தொட்டி மண்ணின்மேல் மூன்று விரல் கனத்துக்குப் போட்டால் ஈரம் நிற்கும்.

இலையே காணவில்லை, காம்பு மட்டும் நிற்கிறது என்றால் புழு. காக்கை எச்சம்போலக் கறுப்பும் வெள்ளையுமாக இலைமேல் அசையாமல் கிடக்கும். நசுக்கப் போனேன், மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். கிளையோடு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைத்து, வாயில் கொசுவலைத் துணி கட்டினாள். தினம் அத்தையிடம் இரண்டு ஈர்க்கு கேட்டு வாங்கிப் போடுவாள். எச்ச நிறம் மாறிப் பச்சையானது, கொழுத்தது, பிறகு ஒரு குச்சியில் நூல் கட்டித் தொங்கிக் கூடானது. ஒருநாள் காலை ஏழு மணிக்கு வீடே எழுந்துகொள்ளும்படி கத்தினாள். கறுப்பில் மஞ்சள் திட்டுகளோடு வண்ணத்துப்பூச்சி, இறக்கை இன்னும் நனைந்த துணி மாதிரி. எலுமிச்சை இனச் செடிகளில் முட்டையிடும் வகை அது, கறிவேப்பிலையும் அந்தக் குடும்பம்தான். ஆகவே, புழு என்றால் மருந்தடிக்காதீர்கள். நாலைந்து புழு ஒரு பெரிய செடியைக் கொன்றுவிடாது. அந்த வாரம் ரசத்துக்குக் கொத்தமல்லி போட்டுக்கொண்டோம்.

மல்லிகைக்கு ஒரு வரிதான். இலை தழைதழையென்று இருக்கிறது, மொட்டு இல்லை என்றால் பிப்ரவரியில் கவாத்து செய்யாமல் விட்டிருப்பீர்கள், அல்லது நிழலில் வைத்திருப்பீர்கள். எருவைக் குறைத்து வெயிலுக்கு நகர்த்துங்கள்.

வடாம் விரிகிறது, கடித்தால் நறநற

டெல்லி வெயில் வடாத்துக்கு வரம் என்று நினைத்து ஏமாறாதவர் இல்லை. லூ அடிக்கும் வெயிலில் ஜவ்வரிசிக் கூழ் மேலே சட்டென்று இறுகி, உள்ளே ஈரமாகவே இருந்து, விரிந்து சுருளும். காலை ஆறு மணிக்கே இட்டுவிட்டு, பதினொரு மணிக்கு மேல் நிழலில் காற்றாட விடுங்கள். மறுநாள்தான் முழு வெயில்.

நறநறப்புக்குக் காரணம் ஆந்தி, புழுதிப் புயல். மேற்கு வானம் செம்பழுப்பாகி, காற்று திடீரென்று நின்றால் பத்து நிமிஷம்கூட இருக்காது. எங்கள் வீட்டில் “ஆந்தி!” என்று யார் கத்தினாலும் ஐந்து பேருக்கும் ஐந்து வேலை: வடாத் துணி, கொடித்துணி, ஜன்னல், கூலர் சுவிட்ச், சைக்கிள். கூலரை அணைக்காவிட்டால் புழுதியெல்லாம் ஈரப் புல்லில் ஒட்டிச் சேறாகிவிடும்.

ஊருக்குப் போய்த் திரும்பினால் செடியெல்லாம் செத்திருக்கிறது

மூன்று வாரம் ஊருக்குப் போகிறவர்கள் பாட்டிலைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகாதீர்கள், இந்த வெயிலுக்கு இரண்டு நாள் தாங்காது. தொட்டிகளை வடக்குச் சுவரோரம் நெருக்கமாக வையுங்கள். நடுவில் ஒரு உயரமான ஸ்டூலில் மூடி போட்ட பெரிய வாளி. பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து முறுக்கி, ஒரு நுனியை வாளியின் அடிவரைக்கும் மறு நுனியைத் தொட்டி மண்ணில் ஒரு விரல் ஆழத்திலும் புதையுங்கள். போவதற்கு ஒரு வாரம் முன்பே வைத்து எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்கள். வாளி மூன்று வாரம் வராது என்று தெரிந்தால் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து, வாரம் ஒருமுறை நிரப்பச் சொல்லுங்கள். திரும்பும்போது அவர்களுக்கு ஒரு கிலோ திருநெல்வேலி அல்வா. இந்த ஏற்பாடு எங்களிடம் ஒருமுறைகூடத் தோற்றதில்லை.

வாளி மூடியில் இடைவெளி இருக்கக் கூடாது. கூலர் தொட்டியைக் கவிழ்த்துத் துடைத்துவிட்டுத்தான் போக வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். முட்டை, காய்ந்த தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், தண்ணீர் பட்டதும் பொரியும். அதனால் வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது, சுவரைத் தேய்க்கவும் வேண்டும். மாநகராட்சி ஆட்கள் டார்ச் அடித்துப் பார்ப்பது அதைத்தான். புழு இருந்தால் நோட்டீஸ் கையில் கிடைக்கும்.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் குளிரவில்லை

காலண்டரைப் பாருங்கள். ஜூன் கடைசி வாரம் தாண்டியிருந்தால் கூலரை நோண்டாதீர்கள், அதில் பழுது எதுவும் இல்லை.

மே மாதம் 42 டிகிரி வெயில், ஈரப்பதம் 20 விழுக்காடு என்றால் ஈரத் துணி சுற்றிய தெர்மாமீட்டர் 24 டிகிரி அளவில் காட்டும். நல்ல கூலர் அந்த வித்தியாசத்தில் முக்கால் பங்கை இறக்கி, 28, 29 டிகிரியில் காற்றுத் தரும். ஜூலையில் வெயில் 35தான், ஈரப்பதம் 70. ஈரத் துணியே 30 காட்டும். கூலர் தலைகீழாக நின்றாலும் 31க்குக் கீழே போகாது, போதாததற்கு வீட்டுக்குள் இன்னும் ஈரத்தை நிரப்பும். உப்பு ஜாடி கசியும், அப்பளம் நமுக்கும், குளியலறைக் கதவு பிடித்துக்கொள்ளும். பம்பை அணைத்துவிட்டு விசிறியை மட்டும் ஓட்டலாம். ஏ.சி. இருக்கிறவர்கள் அதைப் போடலாம்.

போன வருஷம் முதல் மழை பெய்து மூன்றாம் நாள் நான் கூலரை நிறுத்தி, தொட்டியைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, படுக்கையறை ஏ.சி.யைப் போட்டேன். அத்தை கட்டிலிலிருந்து எழுந்தார். நேராக ஜன்னலுக்குப் போய் இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தி, கொக்கியும் போட்டார். திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.